‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலுக்கு ஏன் இன்னும் எதிர்ப்பு?

மார்க் ட்வைனின் இந்த நாவல் அமெரிக்காவில் வெளியானது 1885 பிப்ரவரியில். அடுத்த மாதமே மாசசூசெட்ஸின் கான்கார்டு நூலகம் தடை போட்டது. காரணம் இனவெறி இல்லைங்க, மொழி கொச்சையாம்!

குடிகார அப்பாவிடமிருந்து தப்பிய சிறுவன் ஹக், தப்பியோடிய அடிமை ஜிம்முடன் மிசிசிப்பி ஆற்றில் தெப்பத்தில் போகிறான். ஜிம்முக்கு உதவினால் நரகம்தான்னு ஊர் சொல்லி வளர்த்திருக்கு. அதனால் காட்டிக்கொடுக்கக் கடிதமும் எழுதிவிடுகிறான். ஆனா ஜிம்மின் பாசம் நினைவுக்கு வர, கிழித்துப் போடுகிறான். அதையும் பாவம்னுதான் நம்புறான். நையாண்டியே அங்கேதான்: கெட்டது பையன் இல்லை, ஊர் மனசாட்சி.

கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் 200 முறைக்கு மேல் வருவதுதான் இன்றைய சிக்கல். 2011இல் ஒரு பதிப்பு அதை ‘அடிமை’ என மாற்றி, அதற்கும் திட்டு வாங்கியது. ஜிம்மே கதை சொல்லும் பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ நாவல் 2025இல் புலிட்சர் பரிசு வென்றது.