யாங் க்யூவின் ஒரு மாதம்

வரலாற்றுத் தொடரொன்றைப் பார்த்து முடித்ததும் நம்மிடையே முதலில் எழும் கேள்வி, இஃது உண்மையில் நடந்ததா என்பதே. கேள்வி எளிது, விடைதான் எளிதன்று. 2023 நவம்பரில் தொடங்கி 2024 மார்ச்சில் நிறைவுற்ற 'கோர்யோ–கித்தான் போர்' என்னும் கொரியத் தொடரின் 32 பகுதிகளையும் முன்வைத்துத் தென்கொரியப் பார்வையாளர்கள் இக்கேள்வியை மிகக் கூர்மையாகக் கேட்டனர். ஒரு கற்பனைக் காட்சியைக் கண்ணீரோடு ஏற்றுக்கொண்ட அதே பார்வையாளர்கள், அடுத்த சில பகுதிகளிலேயே வேறொரு கற்பனைக் காட்சியைக் கண்டு வெகுண்டெழுந்தனர். இரண்டுமே ஏட்டில் இல்லாதவை. எனில் ஏன் இந்த வேறுபாடு? இதை விளங்கிக்கொள்ள நாம் முதலில் ஏட்டுக்குத்தான் செல்ல வேண்டும்.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கொரியத் தீபகற்பத்தை ஆண்டது கோர்யோ அரசு. வடக்கே கித்தானியரின் லியாவ் பேரரசு வலுப்பெற்றிருந்தது. 993இல் கித்தானியர் முதன்முறை படையெடுத்தபோது, சோ ஹூய் என்னும் அமைச்சன் எதிரித் தளபதியை நேரில் சந்தித்துப் பேசியே போரை முடித்தான். அப்பேச்சின் பயனாக யாலு ஆற்றுக்குத் தெற்கேயிருந்த நிலப்பகுதி கோர்யோவின் வசம் வந்தது. அங்கே எழுந்த எல்லைக் கோட்டைகளுள் ஹுங்ஹ்வாஜின், தோங்ஜு, க்வாக்ஜு, க்விஜு ஆகிய நான்கு பெயர்களை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். நாம் சொல்லப்போகும் கதை முழுவதும் இவற்றைச் சுற்றியே நிகழ்கிறது.

1009இல் காங் ஜோ என்னும் படைத்தலைவன் அரண்மனைக் கிளர்ச்சி நடத்தி, மன்னன் மோக்ஜோங்கைக் கொன்று, பதினேழே வயதான ஹியோன்ஜோங்கை அரியணையில் அமர்த்தினான். முறைதவறிய உறவில் பிறந்தவன் என்ற பழியோடு வளர்ந்து, வலுக்கட்டாயமாகத் துறவியாக்கப்பட்டு, கொலைமுயற்சிகளுக்குத் தப்பி மறைந்து வாழ்ந்த இளைஞன் அவன். மன்னனைக் கொன்றவனைத் தண்டிக்கிறோம் என்ற சாக்கில் லியாவ் பேரரசன் ஷெங்சோங் 1010இன் இறுதியில் தானே படைநடத்தி வந்தான். 4,00,000 வீரர்கள் என்பது அவன் முழங்கிய எண்ணிக்கை. இத்தகைய எண்களை நாம் ஐயத்தோடு நோக்க வேண்டும் என்றாலும், படை மிகப் பெரியது என்பதில் ஐயமில்லை.

முதலில் வழிமறித்தது ஹுங்ஹ்வாஜின். அதைக் காத்தவர்களின் தலைவன் யாங் க்யூ. வடமேற்கு எல்லையின் படைக் கண்காணிப்பாளன். ஷெங்சோங் இங்கே கையாண்ட ஓர் உத்தியை ஏடு பதிவு செய்திருக்கிறது. தோங்ஜு கோட்டைக்கு வெளியே நெல்லறுத்துக் கொண்டிருந்த ஆண்களையும் பெண்களையும் பிடித்து, அவர்களுக்குப் பட்டாடை அணிவித்து, சரணடையச் சொல்லும் ஓலையோடு ஹுங்ஹ்வாஜினுக்கு அனுப்பினான். கோட்டை பணியவில்லை. ஏழு நாள் முற்றுகையாலும் அதை வீழ்த்த இயலாமல், படையின் ஒரு பகுதியை அங்கே விட்டுவிட்டு அவன் தெற்கே நகர்ந்தான். தோங்ஜுவில் காங் ஜோவின் பெரும்படை சிதறியது. காங் ஜோ சிறைப்பட்டு, பணிய மறுத்துக் கொல்லப்பட்டான். பின்னர் காங் ஜோவின் பெயரில் புனையப்பட்ட மடல் ஒன்று ஹுங்ஹ்வாஜினுக்கு வந்தது. தான் மன்னனின் ஆணைப்படி வந்தவனேயன்றிக் காங் ஜோவின் ஆணைப்படி வந்தவனல்லன் என்று யாங் க்யூ அதையும் புறக்கணித்தான்.

இனி வருவதுதான் நம்மை வியக்க வைப்பது. கோட்டைக்குள் இருந்தபடியே தன் கடமையை நிறைவேற்றியதாக அவன் எண்ணியிருக்கலாம். அவ்வாறு எண்ணாமல் 700 வீரர்களோடு வெளியேறினான். தோங்ஜுவில் மேலும் 1,000 பேரைத் திரட்டிக்கொண்டு, கித்தானியர் வசம் வீழ்ந்திருந்த க்வாக்ஜுவை இரவில் தாக்கினான். அங்கே காவலிருந்த 6,000 எதிரிகளை அழித்து, உள்ளேயிருந்த 7,000 ஆண்களையும் பெண்களையும் தோங்ஜுவுக்கு இடம்பெயர்த்தான்.

இதற்கிடையில் தலைநகர் கேக்யோங் நடுங்கிக்கொண்டிருந்தது. சரணடைவதே வழி என்று அமைச்சர்கள் கூறியபோது மறுத்துரைத்தவர் காங் கம்சான். மன்னன் தெற்கே விலகிச் சென்று, காலம் பார்த்து மீளவேண்டும் என்பது அவர் அறிவுரை. ஹியோன்ஜோங் நாஜு வரை ஓடினான். வழியில் தன் குடிகளாலேயே அச்சுறுத்தப்பட்டான். உடன்வந்தோர் பலர் நழுவினர். 1011இன் தொடக்கத்தில் கித்தானியர் தலைநகருள் புகுந்து அரண்மனையை எரித்தனர். பின்புறத்தில் வீழாத கோட்டைகளை வைத்துக்கொண்டு நெடுநாள் தங்க இயலாது என்பதை உணர்ந்து, கோர்யோவின் சமாதானத் தூதை ஏற்று வடக்கே திரும்பினர். திரும்பும்போது ஆயிரக்கணக்கான மக்களைச் சிறைபிடித்துச் சென்றனர்.

அந்தத் திரும்பும் படையைத்தான் யாங் க்யூ மீண்டும் மீண்டும் தாக்கினான். ஓரிடத்தில் 3,000 பேருக்கு மேல் மீட்டான். அடுத்த இடத்தில் 1,000. மற்றோரிடத்தில் மேலும் 1,000. ஏஜோன் என்னுமிடத்தில், க்விஜுவின் படைத்தலைவன் கிம் சுக்ஹுங்கோடு சேர்ந்து எதிரியின் முன்னணியைத் தாக்கி வென்ற வேளையில், பேரரசனின் பெரும்படையே வந்து சூழ்ந்துகொண்டது. நாள் முழுதும் பொருதனர். வீரர்கள் மடிந்தனர், அம்புகள் தீர்ந்தன, இருவரும் களத்திலேயே வீழ்ந்தனர். ஒரு மாதத்துள் 7 போர்கள், மீட்கப்பட்டோர் 30,000க்கு மேல் என்று ஏடு கணக்கை முடிக்கிறது. தனித்தனியே தரப்பட்ட எண்களை நாம் கூட்டிப் பார்த்தால் இத்தொகை வருவதில்லை. விவரம் சொல்லப்படாத மீட்புகள் இருந்திருக்கலாம். தொகை பெருக்கப்பட்டும் இருக்கலாம். எவ்வாறாயினும், ஒரு படைத்தலைவனின் பெருமையை அவன் மீட்டவர்களின் எண்ணிக்கையால் அளந்து முடிக்கும் போர்க்குறிப்பு உலக வரலாற்றில் அரிது.

இப்போது தொடருக்கு வருவோம். கொரியாவில் இவ்வகைத் தொடர்களை 'டேஹா' நாடகங்கள் என்பர். பேராறு போன்றவை என்று பொருள். தென்கொரியாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான கேபிஎஸ் இம்மரபை நெடுங்காலம் வளர்த்தது. 2000இல் தொடங்கிய 'தேஜோ வாங் கோன்' 200 பகுதிகள் ஓடியது. 2006இல் தொடங்கிய 'தே ஜோயோங்' 134 பகுதிகள். இரண்டிலும் தலைமை வேடமேற்ற சோய் சூஜோங்தான் இத்தொடரில் காங் கம்சானாக வந்தார். முதற் பகுதியே 1019ஆம் ஆண்டின் க்விஜு போர்க்களத்தில் தொடங்கியது. எனவே பார்வையாளர்கள் காங் கம்சானின் கதையையே எதிர்பார்த்திருந்தனர். காங் கம்சான் கொரியரின் ஊர்ப்பெயரிலேயே வாழ்பவர். அவர் பிறந்ததாகக் கருதப்படும் இடம், விண்மீன் விழுந்த இடம் என்று பொருள்படும் நாக்சோங்தே என்ற பெயரில், சியோலின் சுரங்க ரயில் நிலையமொன்றாகவும் விளங்குகிறது. யாங் க்யூவோ பெரும்பாலோர்க்குப் பாடநூலில் கடந்துபோன ஒரு பெயர்தான்.

ஆயினும் தொடரின் முற்பாதியை ஆட்கொண்டவன் யாங் க்யூவே. ஜி சுங்ஹ்யோன் அவ்வேடத்தில் நடித்தார். ஹுங்ஹ்வாஜின் முற்றுகைக் காட்சியில், கித்தானியர் கோர்யோச் சிறைகளைத் தங்கள் படைக்கு முன்னால் கேடயமாக நிறுத்தி மதிலை நோக்கி நகர்த்துகின்றனர். எய்யாவிட்டால் கோட்டை வீழும்; எய்தால் சொந்த மக்கள் மடிவர். யாங் க்யூ எய்யச் சொல்கிறான். இது தொடரின் கற்பனை; ஏட்டில் இருப்பது பட்டாடை அணிந்து வந்த நெல்லறுப்போர் மட்டுமே. ஆனால் ஏடு ஒரு கேள்விக்கு விடை சொல்லாமல் விட்டிருந்தது: கோட்டையைக் காத்துவிட்ட ஒருவன், ஏன் 700 பேரோடு வெளியேறிச் சிறைப்பட்டோரைத் தேடித் தேடி மீட்டான்? இக்காட்சி அதற்கொரு விடையை முன்மொழிகிறது. தன் அம்புக்கு இரையானவர்களுக்கான கடனை அவன் உயிரோடிருப்பவர்களை மீட்டுத் தீர்க்கிறான். ஏட்டின் இரு வரிகளுக்கிடையே இருந்த வெற்றிடத்தில் கற்பனை வந்து அமர்கிறது. மேல்வரியையும் அழிக்கவில்லை, கீழ்வரியையும் அழிக்கவில்லை. 16ஆம் பகுதியில், உடலெங்கும் அம்பு தைத்த நிலையில் அவன் பேரரசனை நோக்கி முன்னேற முயன்று வீழும்போது பார்வையாளர்கள் கலங்கியது அதனாலேயே.

அடுத்து வந்த 18ஆம் பகுதியில் நிகழ்ந்தது வேறு. காங் கம்சானோடு முரண்பட்டுச் சினத்தோடு வெளியேறும் ஹியோன்ஜோங், குதிரையை விரைந்து செலுத்தி வண்டியோடு மோதி வீழ்கிறான். ஏட்டில் இதற்கு எந்தச் சுவடும் இல்லை. தொடருக்கு மூலமான நாவலை எழுதிய கில் சுங்சு, கதை தன் நூலிலிருந்தும் வரலாற்றிலிருந்தும் விலகிச் செல்வதாக வெளிப்படையாகவே குறைகூறினார். நிறுவனத்திடம் பார்வையாளர்கள் கூட்டு மனு அளித்தனர். நாடகத்துக்குரிய உரிமையை இவர்கள் அறியாதவர்கள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மனிதக் கேடயக் காட்சியை ஏற்றுக்கொண்டவர்களும் இவர்கள்தாமே.

அவர்களது சினத்தின் காரணம் ஏட்டிலேயே கிடைக்கிறது. நாஜுவிலிருந்து எரிந்த தலைநகருக்குத் திரும்பிய இளைஞன், 1031இல் மறையும் வரை கோர்யோவை ஆண்டான். யாங் க்யூவின் மனைவிக்கு ஆண்டுதோறும் தானியம் 100 மூட்டை வழங்கத் தன் கைப்படவே ஆணை எழுதினான். மகனுக்குப் பதவியும் தந்தான். பெளத்தத் திருமுறைகளை மரப்பலகைகளில் செதுக்கும் பெரும்பணி அவன் காலத்தில் தொடங்கியது. 1014இல் படையினரின் நிலங்களைப் பறித்து அலுவலர் ஊதியத்துக்கு ஒதுக்கியதால் எழுந்த கிளர்ச்சியைத் தாங்கினான். மறு ஆண்டு மேற்குத் தலைநகரில் விருந்து வைத்து அதன் தலைவர்களை ஒழித்தான். 1018இல் உள்ளூர் ஆட்சியமைப்பைத் திருத்தினான். துன்பத்தால் முதிர்ந்த ஒருவனை ஏடு காட்டுகிறது. குதிரைக் காட்சியோ சிறுபிள்ளைச் சினத்தைக் காட்டுகிறது. இங்கே கற்பனை வெற்றிடத்தில் அமரவில்லை. எழுதப்பட்ட வரியின் மேலேயே எழுதிவிட்டது.

கற்பனை தவறியும் நிலைத்துவிடும் என்பதற்குக் காங் கம்சானே சான்று. 1018இல் கித்தானியர் 1,00,000 வீரர்களோடு மீண்டும் வந்தபோது, எழுபது வயதைக் கடந்த அந்த முதியவர் தலைமையேற்றார். தேர்வெழுதி முதலிடம் பெற்றுப் பதவிக்கு வந்த குடியியல் அலுவலர் அவர். மாட்டுத்தோல்களைக் கயிற்றால் கோத்து ஓடையைத் தடுத்து, எதிரி இறங்கியதும் நீரைத் திறந்துவிட்டதும், பதுங்கியிருந்த 12,000 குதிரை வீரர்கள் பாய்ந்ததும் ஹுங்ஹ்வாஜினில் நிகழ்ந்தவை. க்விஜுவில் நிகழ்ந்ததோ திறந்தவெளிப் போர். வெல்வார் யாரெனத் தெரியாத நிலையில் கிம் ஜோங்ஹ்யோனின் படை வந்து சேர்ந்தது. தெற்கிலிருந்து காற்றும் மழையும் எதிரியின் முகத்தில் அடித்தன. திரும்பிப் போன கித்தானியர் சில ஆயிரவரே. ஆயினும் க்விஜு வெற்றியை வெள்ளத்தின் வெற்றியாகவே எண்ணி வளர்ந்த தலைமுறைகள் கொரியாவில் உண்டு. காட்சிக்கு இனிய பிழை ஏட்டைவிட நீண்டநாள் வாழக்கூடும்.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடலாகாது. 1011இல் அரண்மனை எரிந்தபோது, அதுவரையிலான மன்னர்களின் ஆவணங்களும் எரிந்தன. 1013இல் ஹியோன்ஜோங் ஏழு மன்னர்களின் வரலாற்றை மீண்டும் எழுதப் பணித்தான். எஞ்சியவற்றைத் திரட்டி எழுதினர். இன்று நாம் நம்பும் 'கோர்யோசா'வோ 1451இல், அடுத்த அரசமரபின் காலத்தில் நிறைவுற்றது. ஆகவே ஏடும் சாம்பலிலிருந்து பொறுக்கப்பட்டதே. அதனாலேயே அதில் எஞ்சிய ஒவ்வொரு வரிக்கும் மதிப்பு கூடுகிறது. களங்களைச் சென்று பார்க்கவும் அவர்களுக்கு வழியில்லை: ஹுங்ஹ்வாஜினும் க்விஜுவும் பழைய தலைநகரும் இன்று வடகொரியாவில் உள்ளன. மண்ணை இழந்த பார்வையாளருக்கு வரிகளே மிச்சம். அவ்வரிகளின் மேல் யாரேனும் பொறுப்பின்றி எழுதும்போது அவர்கள் பதறுவது பண்டிதச் செருக்கு அன்று.

வரலாற்றுப் புனைவுக்கு நாம் இட விரும்பும் எல்லையும் இதுவே. ஏடு மௌனமாக இருக்குமிடத்தில் எழுத்தாளன் தாராளமாகப் பேசட்டும். ஏடு பேசியிருக்குமிடத்தில் முதலில் அதைக் கேட்கட்டும். யாங் க்யூவால் மீட்கப்பட்ட 30,000 பேரில் ஒருவரது பெயரும் நமக்குத் தெரியாது. பட்டாடை உடுத்தி மடலோடு நடந்த அந்த நெல்லறுப்போரில் எவர் வீடு திரும்பினார் என்பதும் தெரியாது. எழுதப்படாத அக்கதைகள் இன்னும் காத்திருக்கின்றன.