கொங்கின் அகலாங்கும் சென்னையின் கடிகாரமும்: லாம்டன் அளவீட்டில் நெட்டாங்குச் சிக்கல்

1806ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் கோயம்புத்தூருக்கு அருகே முக்கோண அளவீட்டிற்கான அடிக்கோடு ஒன்றை அளந்தார். அவருடைய அட்டவணைகளில் 'புட்ச்சபோலியம்' என இடம்பெறும் நிலையம் (பச்சாபாளையம் என்னும் ஊர்ப்பெயரின் திரிபாகலாம்) தென்னிந்திய நெடுவரை வில்லின் விண்ணோக்கு நிலையங்களுள் ஒன்றாகும். தலையுச்சியை ஒட்டிக் கடக்கும் விண்மீன்களைச் செனித் செக்டர் என்னும் கருவியால் நோக்கி, அதன் அகலாங்கு 11 பாகைக்குச் சற்றுக் குறைவு என நிறுவப்பட்டது. கொங்கின் அகலாங்கு இவ்வாறு கொங்கு மண்ணிலேயே கணிக்கப்பட்டது. நெட்டாங்கோ சென்னையிலிருந்து கடன் பெறப்பட்டது.

நெட்டாங்கு அடிப்படையில் காலவேறுபாடே. ஒரே வான்நிகழ்வை ஈரிடங்களில் நோக்கி, அவ்விடங்களின் உள்ளூர் நேரங்களை ஒப்பிட வேண்டும்; 15 பாகைக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. இக்கருத்து ஐரோப்பியர் கொணர்ந்ததன்று. முழுச் சந்திர கிரகணத்தின் கணித்த நேரத்தையும் கண்ட நேரத்தையும் ஒப்பிட்டுத் தேசாந்தரம் அறியும் முறையைச் சூரிய சித்தாந்தம் கூறுகிறது. அந்நூலின் நடுவரையான உஜ்ஜயினிக்குக் கோயம்புத்தூர் ஒரு பாகைக்குச் சற்று மிகுதியாகவே கிழக்கே உள்ளதால், இங்குத் தேசாந்தரத் திருத்தம் ஏறத்தாழ 12 விநாழிகைதான்.

1792இல் கட்டப்பெற்ற சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் வியாழனின் துணைக்கோள்கள் மறைந்து தோன்றும் நேரங்களைக் குறித்தார். அவற்றுக்கு இணையான ஐரோப்பியக் குறிப்புகள் கப்பல்வழி வந்துசேரப் பல மாதங்கள் ஆகும். கடித ஒப்பீடுதான் அன்றைய நெட்டாங்கு ஆய்வின் உயிர்நாடி. அதன் தடையும் அதுவே. லாம்டனிடம் முன்னர் உதவியாளராக இருந்த ஜான் வாரன், கோல்டிங்ஹாம் இல்லாத ஆண்டுகளில் வானாய்வகப் பொறுப்பை ஏற்று, சென்னையின் நெட்டாங்கை 80 பாகை 17 கலை 21 விகலை எனத் திருத்தினார். முக்கோண வலை முழுவதும் பின்னர் இந்த ஒற்றை எண்ணைச் சார்ந்து நின்றது.

அவ்வெண் 2 கலை 27 விகலை மிகையானது. காலத்தில் இது 10 வினாடிக்கும் குறைவு, அதாவது அரை விநாழிகைகூட இல்லை. கோயம்புத்தூரின் அகலாங்கில் தரையளவாக மாற்றினாலோ ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் ஆகிறது! பல்லடம், தாராபுரம், ஈரோடு என எல்லா ஊர்களும் ஒருசேரக் கிழக்கே நகர்ந்திருந்தன. ஊர்களுக்கிடைப்பட்ட தொலைவுகள் சரியாகவே இருந்தமையால் வலைக்குள்ளிருந்து இப்பிழையைக் கண்டறிய வழியில்லை. 1894-96இல் பர்ரார்டும் லெனாக்ஸ்-கானிங்ஹாமும் கராச்சி, தெஹ்ரான், பாட்ஸ்டாம் வழியாகக் கிரீனிச் வரை தந்திக் குறிகளால் நேரத்தை ஒப்பிட்ட பின்னரே திருத்தம் உறுதியாயிற்று. கப்பல் மாதக்கணக்கில் சுமந்து வந்ததைத் தந்தி நொடிகளில் கொணர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொங்கு வரைபடங்களில் கோயில், ஏரி, பெருவழி ஆகியவற்றின் இருப்பிடம் தேடுவோர், அவ்வரைபடம் எந்தச் சென்னை நெட்டாங்கை அடிப்படையாகக் கொண்டது என்பதை முதலில் நோக்க வேண்டும். வாரனின் எண்ணாயின் 2 கலை 27 விகலையைக் கழித்தபின்னரே இன்றைய படத்தோடு பொருத்த இயலும். அகலாங்கில் இத்தகைய திருத்தம் தேவைப்படுவதில்லை.