ரேவா முதல் மூன்றாம் வரிசை வரை

பெங்களூரின் மைனி குழுமமும் கலிபோர்னியாவின் அமெரிகான் நிறுவனமும் 1994இல் கூட்டாகத் தொடங்கிய ரேவா எலெக்ட்ரிக் கார் கம்பெனி, 2001இல் தன் முதல் மின்காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சேத்தன் மைனி முன்னின்று உருவாக்கிய அந்தக் காருக்குக் கதவுகள் இரண்டே; நீளம் சுமார் 2.6 மீட்டர். முன்னிருக்கையில் பெரியவர்கள் இருவர் உட்காரலாம். பின்னிருக்கை சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமே போதும். தாத்தா பாட்டியோடு ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு அதில் இடமில்லை.

கார் இவ்வளவு சிறியதாக இருந்ததற்குக் காரணம் பேட்டரி. முன்னிருக்கைகளுக்கு அடியில் 6 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள் எட்டு வரிசையாக இருந்தன. வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதும் இதே இனம்தான். அதைப் போலவே இவற்றுக்கும் அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். 15 ஆம்பியர் பிளக்கில் இரவு செருகிவிட்டால் காலையில் சார்ஜ் நிறைந்திருக்கும். எட்டும் சேர்ந்து சேமித்தது 10 யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம். அதில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடலாம். ஈய-அமில பேட்டரியில் ஒரு கிலோ எடைக்கு 30 முதல் 40 வாட்-மணி வரைதான் கிடைக்கும். இன்றைய பெரிய மின்கார்களில் உள்ள 79 யூனிட்டை அந்த வகையில் சேமிக்க நினைத்தால் பேட்டரி மட்டுமே இரண்டு டன்னை எட்டிவிடும். காரைப் பெரிதாக்க வழியே இல்லாத காலம் அது.

லண்டனில் இதே கார் ஜீ-விஸ் என்ற பெயரில் 2004 முதல் விற்றது. நகர மையத்துக்குள் நுழையும் வாகனங்களுக்கு 2003இல் விதிக்கப்பட்ட நெரிசல் கட்டணம் மின்கார்களுக்கு அப்போது இல்லை என்பது விற்பனைக்குக் கைகொடுத்தது. ஐரோப்பிய விதிகளில் அது கார் அல்ல, குவாட்ரிசைக்கிள் என்ற தனி வகை நான்குசக்கர வாகனம். ஆகவே கார்களுக்குரிய மோதல் சோதனை அதற்குக் கட்டாயமாக இருக்கவில்லை. 2007இல் பிரிட்டனில் நடத்தப்பட்ட ஒரு மோதல் சோதனை அதன் பாதுகாப்பைப் பற்றிக் கடும் கேள்விகளை எழுப்பியது.

2010 மே மாதத்தில் மஹிந்திரா 55.2 சதவீதப் பங்குகளை வாங்கி ரேவாவைத் தன்வசமாக்கியது. 2013இல் வந்த இ2ஓ, லித்தியம்-அயனி பேட்டரியுடன் நான்கு பெரியவர்களை ஏற்றியது. கதவுகள் மட்டும் இன்னும் இரண்டுதான். நான்கு கதவு இ2ஓ பிளஸும், வெரிட்டோ செடானின் மின்வடிவமும் 2016இல் வந்தன. குடும்பங்கள் இவற்றைப் பெரிதாக நாடவில்லை. 2020இல் டாடாவின் நெக்ஸான் மின்கார் சந்தையைப் பிடித்த பிறகும் மஹிந்திராவின் பதில் தாமதமாகவே வந்தது. 2023 ஜனவரியில் விற்பனைக்கு வந்த எக்ஸ்.யூ.வி.400, எக்ஸ்.யூ.வி.300 என்ற பெட்ரோல், டீசல் காரின் உடலை 4.2 மீட்டருக்கு நீட்டி உருவானது.

உண்மையான திருப்பம் இங்லோ என்ற அடித்தளம். மின்கார்களுக்கென்றே வகுக்கப்பட்ட இதை 2022 ஆகஸ்டில் பிரிட்டனில் மஹிந்திரா அறிமுகப்படுத்தியது. பேட்டரி இருக்கைக்கு அடியிலிருந்து இறங்கி, தட்டையாகக் காரின் தரை முழுக்கப் பரவியது. இதில் அமைந்த பி.இ.6, எக்ஸ்.இ.வி.9இ ஆகிய இரண்டும் 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் வெளியிடப்பட்டன. அந்த ஊர்த்தேர்வில் பொருத்தம் உண்டு: செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள ஆராய்ச்சி மையத்தில்தான் இவற்றின் பொறியியல் வேலை நடந்தது. உற்பத்தி புனேக்கு அருகிலுள்ள சாகனில்.

வரியும் பெரிய வண்டிகளின் பக்கமே நின்றது. 2019 ஆகஸ்டில் மின்வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பெரிய டீசல் எஸ்.யூ.வி.க்கு செஸ்ஸையும் சேர்த்து 50 சதவீதம். சிறிய பெட்ரோல் காருக்கு 29. வண்டி பெரிதாகப் பெரிதாக மின்காருக்குக் கிடைத்த வரிச்சலுகையும் பெரிதாயிற்று. 2025 செப்டம்பரில் இந்த விகிதங்கள் முறையே 40, 18 ஆகக் குறைந்தபோதும் இடைவெளி மறையவில்லை.

2025 ஜூலையில் கியாவின் கேரன்ஸ் கிளாவிஸ் மூன்று வரிசை மின்காராக வந்தது. நவம்பர் 27 அன்று, ரேவா பிறந்த அதே பெங்களூரில், மஹிந்திரா தன் ஏழு இருக்கை எக்ஸ்.இ.வி.9எஸ்ஸை வெளியிட்டது. நீளம் 4.7 மீட்டருக்கு மேல். 59, 70, 79 யூனிட் பேட்டரிகள். அப்போதைய தொடக்க விலை 19.95 லட்சம் ரூபாய். எஞ்சின் இல்லாததால் பானெட்டுக்கு அடியிலும் பெட்டி வைக்க இடமுண்டு.

இவ்வகைக் கார்கள் எல்லாவற்றிலும் மூன்றாம் வரிசைதான் வடிவமைப்பாளருக்குத் தலைவலி. அடியில் பேட்டரி இருப்பதால் தரை உயர்கிறது. மேலே கூரை இடிப்பதால் இருக்கையை அதே அளவுக்கு உயர்த்த முடிவதில்லை. உட்காருபவரின் முழங்கால் மேலே உயர்ந்து, தொடைக்குத் தாங்கல் குறைகிறது. கூரையை உயர்த்தினால் காற்றின் எதிர்ப்பு கூடி, ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும். பேட்டரியை இன்னும் மெல்லியதாக்குவதும் சக்கரங்களின் இடைவெளியை நீட்டுவதுமே இதற்கு இப்போதைக்கு உள்ள வழிகள்.