கடைசிப் பக்கத்தில் வந்த கலாக்டஸ்: ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 48 முதல் 50 வரை ஒரு மறுவாசிப்பு

1965 டிசம்பரில் அமெரிக்கப் பெட்டிக்கடைகளுக்கும் மருந்துக்கடைகளுக்கும் 12 சென்ட் விலையில் ஒரு காமிக்ஸ் வந்து சேர்ந்தது. அட்டையில் 1966 மார்ச் என்று அச்சிடப்பட்டிருந்த அது, மார்வெல் நிறுவனத்தின் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 48ஆம் இதழ். கலாக்டஸின் வருகையைத் தலைப்பிலேயே அறிவித்தாலும், அட்டையில் கலாக்டஸ் இல்லை. நாயகர்கள் மேலே பார்த்து அஞ்சுகிறார்கள். எதைப் பார்த்து என்று வாங்கிப் புரட்டினால், ஏறக்குறைய ஏழு பக்கங்களுக்கு ‘இன்ஹியூமன்ஸ்’ என்ற மறைந்து வாழும் இனத்தாரின் பழைய கதையே ஓடுகிறது. இருபது பக்கக் கதையின் கடைசிப் பக்கத்தில்தான் கோள்களைத் தின்று பசியாறும் அந்தப் பேருருவம் நியூயார்க்கின் கூரை ஒன்றின்மேல் வந்து நிற்கிறது.

49, 50ஆம் இதழ்களில் தொடர்ந்து முடிந்த இந்தக் கதையை இன்று ‘கலாக்டஸ் முக்கதை’ என்கிறார்கள். சூப்பர்ஹீரோ காமிக்ஸில் அண்டவெளிக் கதை என்றொரு வகை உருப்பெற்ற இடம் இதுதான் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அது எப்படி உருப்பெற்றது என்பதுதான் கூர்ந்து பார்க்க வேண்டியது. மாதந்தோறும் பக்கம் நிரப்பியாக வேண்டிய வேலைச் சூழலும், இருவர் பகிர்ந்துகொண்ட விசித்திரமான உழைப்பு முறையும் சேர்ந்தே இந்தக் கதைக்கு அதன் வடிவத்தைக் கொடுத்தன.

முன்னே வந்த வேற்றுலகத்தார்

1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டனர். இரத்தமும் பிணமும் நிறைந்த திகில் காமிக்ஸ்கள் அதோடு மறைந்தன. அந்தக் காலியிடத்தில் பூத வடிவ அரக்கர்களும் வேற்றுக்கோள்வாசிகளும் குடியேறினார்கள். பின்னாளில் மார்வெல் எனப் பெயர் பெற்ற நிறுவனத்துக்காக 1950களின் இறுதியில் ஜாக் கிர்பி இத்தகைய கதைகளை வரைந்து குவித்தார். இன்று திரைப்படங்களில் அன்பான மரமனிதனாகத் தெரியும் குரூட், 1960இல் ‘டேல்ஸ் டு அஸ்டானிஷ்’ 13ஆம் இதழில் ஓர் ஊரையே பெயர்த்துக்கொண்டுபோக வந்த வில்லன். கரையான்களை ஏவி அவனை வீழ்த்துகிறார் ஒரு விஞ்ஞானி.

இந்தக் கதைகளுக்கெல்லாம் ஒரே வாய்பாடு உண்டு. வேற்றுலகத்தான் வருவான், பூமியை ஆள நினைப்பான், அவனுக்கு ஒரு பலவீனம் இருக்கும், நாயகன் அதைக் கண்டுபிடிப்பான். போட்டி நிறுவனமான டிசி 1959இல் புதிய ‘கிரீன் லேண்டர்ன்’ வழியாக அண்டவெளியைத் தொட்டது. 1960இல் ‘ஜஸ்டிஸ் லீக்’ முதன்முதலாக மோதிய எதிரியும் விண்ணிலிருந்து வந்த ராட்சத நட்சத்திர மீன்தான். அங்கும் வாய்பாடு மாறவில்லை.

‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ இதழே இந்த வாய்பாட்டில்தான் தொடங்கியது. 1961 நவம்பர் தேதியிட்ட முதல் இதழுக்கு அடுத்த இதழில், ஸ்க்ரல் என்ற உருமாறிகள் பூமிமேல் படையெடுக்க வருகிறார்கள். நால்வரின் தலைவன் ரீட் ரிச்சர்ட்ஸ் அரக்கர் காமிக்ஸ்களிலிருந்து வெட்டியெடுத்த படங்களைப் பூமியின் படைபலம் என்று காட்டி அவர்களை மிரட்டி அனுப்பிவிடுகிறான். எஞ்சிய சில ஸ்க்ரல்கள் பசுக்களாக உருமாறிப் புல் மேயப் போகிறார்கள். இதே நால்வர் நான்கே ஆண்டுகளில் கலாக்டஸின் முன்னால் கையறு நிலையில் நிற்கிறார்கள்.

இடையில் ஒரு விதை விழுந்திருந்தது. 1963 ஏப்ரல் தேதியிட்ட 13ஆம் இதழில் நிலவில் வாழும் வாட்சர் அறிமுகமானான். எல்லாவற்றையும் பார்ப்பான், எதிலும் தலையிடமாட்டான். அது அவன் இனத்தின் நோன்பு. மனிதரை வெல்லவோ காக்கவோ விரும்பாத, நம்மைவிடப் பல்லாயிரம் மடங்கு மூத்த ஓர் உயிர் என்ற எண்ணம் அங்கே முளைவிட்டது.

எழுத்தும் கோடும்

கிர்பியோடு சேர்ந்து ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ இதழை உருவாக்கிய எழுத்தாளர் ஸ்டான் லீ அந்த ஆண்டுகளில் ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார். முழுக் கதையையும் கட்டம் கட்டமாக எழுதித் தர நேரமில்லை. அதனால் கதைச்சுருக்கத்தை ஓவியரோடு பேசி முடித்துவிடுவார். ஓவியர் இருபது பக்கங்களையும் தாமே பிரித்து, காட்சியமைத்து, பென்சிலில் வரைந்து கொண்டுவருவார். லீ அதன்பிறகே வசனம் எழுதுவார். ‘மார்வெல் முறை’ என்று பின்னர் பெயர்பெற்ற இந்த ஏற்பாட்டில் கதையின் பெரும்பகுதி ஓவியரின் மேசையில்தான் பிறந்தது. கிர்பி தம் பக்கங்களின் ஓரத்தில், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கிறது என்று பென்சிலில் குறித்து வைப்பார். எஞ்சியிருக்கும் மூலப் பக்கங்களில் அந்தக் குறிப்புகளை இன்றும் பார்க்கலாம்.

இந்த முறையின் மிகச் சிறந்த சான்று சில்வர் சர்ஃபர். கடவுளுக்கு நிகரான ஓர் எதிரி பூமிக்கு வருகிறான் என்பதுதான் இருவரும் பேசிக்கொண்டது. கிர்பி வரைந்து வந்த பக்கங்களில், அலைச்சறுக்குப் பலகையில் ஏறி விண்வெளியில் பாயும் ஒரு வெள்ளி மனிதன் இருந்தான். யார் இவன் என்று லீ கேட்டிருக்கிறார். இவ்வளவு பெரியவனுக்கு முன்னால் கட்டியம் கூற ஒருவன் வேண்டாமா என்பது கிர்பியின் பதில். விண்கலங்களை வரைந்து வரைந்து சலித்துவிட்டதால் பலகையைக் கொடுத்ததாகவும் கிர்பி சொல்லியிருக்கிறார். கலிஃபோர்னியக் கடற்கரைகளின் அலைச்சறுக்கு மோகம் நாடு முழுவதும் பரவியிருந்த காலம் அது. கலாக்டஸைப் படைக்க விவிலியத்திடம் போனதாகப் பிற்காலப் பேட்டிகளில் கிர்பி விளக்கினார். லீயும் அக்கதைக்கு உரிமை கொண்டாடியதால் யார் பங்கு எவ்வளவு என்ற வழக்கு ஓயவில்லை. சர்ஃபர் மட்டும் கிர்பியின் பென்சிலில் பிறந்தவன் என்பதை லீயே பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது கையும் ஒன்று உண்டு. 44ஆம் இதழிலிருந்து பென்சில் கோட்டின்மேல் மை தீட்டும் பொறுப்பை ஜோ சின்னாட் ஏற்றிருந்தார். அவருடைய வழவழப்பான, திடமான கோட்டில்தான் கிர்பியின் இயந்திரங்கள் உலோகமாக மின்னின. வெடிப்பையும் ஆற்றலையும் கறுப்புப் புள்ளிக் கூட்டங்களாகக் காட்டும் கிர்பியின் உத்தி முழு வளர்ச்சி பெற்றதும் இக்காலத்தில்தான். அச்சுப் பக்கத்தைப் போல இருமடங்கு அளவுள்ள அட்டையில் அன்று வரைந்தார்கள். 1967இல் அந்த அளவு சுருங்கியது.

பசித்தவனிடம் பகை இல்லை

கதை எளியது. வாட்சர் தன் நோன்பை முறித்து, பூமியை மறைக்க வானத்தில் தீயைப் பரப்புகிறான், அது பலிக்கவில்லை. சர்ஃபர் பூமியைக் கண்டு தன் தலைவனுக்குக் குறிகாட்டுகிறான். கலாக்டஸ், நால்வரின் இருப்பிடமான பாக்ஸ்டர் கட்டடத்தின் மாடியில் பூமியின் ஆற்றலை உறிஞ்சும் கருவியைக் கட்டத் தொடங்குகிறான். நால்வர் தாக்குகிறார்கள். மனிதன் கொசுவை விரட்டுவதுபோல ஒரு புகையைப் பரப்பி அவர்களை விரட்டுகிறான் அவன்.

அவன் நால்வரை வெறுக்கவில்லை. அவர்களை அவன் பொருட்படுத்தவே இல்லை என்பதுதான் அந்தக் கட்டங்களின் கொடூரம். அவனுக்கு ஆட்சியாசை கிடையாது, பழிவாங்கும் எண்ணமும் கிடையாது; பசி மட்டும் உண்டு. வில்லன் என்ற சொல்லே இங்கே பொருளிழக்கிறது. புயலிடமும் பஞ்சத்திடமும் போய் நியாயம் கேட்க முடியாததுபோல இவனிடமும் கேட்க முடியாது. 1960இன் வாய்பாடு முறிந்த இடம் இதுவே.

மறுபக்கம், 49ஆம் இதழில் உலகம் அழிய இருக்கும் நேரத்தில் ரீட் முகச்சவரம் செய்துகொள்கிறான். இப்படிப்பட்ட வீட்டு அளவிலான காட்சிகள் பக்கத்திலேயே இருப்பதால்தான் கலாக்டஸின் பிரம்மாண்டம் உறைக்கிறது.

திருப்பமும் ஒரு வீட்டுக்குள்தான் நிகழ்கிறது. நால்வரில் கல்லுடல் கொண்ட பென் கிரிம்மின் குத்தில் கூரையிலிருந்து வீழ்ந்த சர்ஃபர், பென்னின் காதலியான அலீசியா மாஸ்டர்ஸ் என்ற பார்வையற்ற சிற்பியின் வீட்டுக்குள் விழுகிறான். அவள் அவனுக்கு உணவு கொடுக்கிறாள். உண்பது என்றால் என்னவென்று அறியாத அவன், அதை ஆற்றலாக மாற்றிவிடுகிறான். உலகத்தையே உண்ண ஒருவன் வந்திருக்கும் கதையின் நடுவில், விருந்தோம்பல் ஒன்று நடக்கிறது. அவள் வாதாடுகிறாள், இந்த மனிதர்களைப் பார் என்கிறாள். அவன் தன் தலைவனையே எதிர்க்கத் துணிகிறான்.

வாட்சரின் வழிகாட்டலில் நால்வரில் ஒருவனான ஜானி ஸ்டோர்ம், கலாக்டஸின் கலத்திலிருந்து, கலாக்டஸே அஞ்சும் ‘அல்டிமேட் நல்லிஃபையர்’ என்ற கருவியைக் கொண்டுவருகிறான். கண்ட காட்சிகளால் நிலைகுலைந்து, மனிதரெல்லாம் எறும்புகள் என்று புலம்பியபடி திரும்புகிறான். ரீட் அந்தக் கருவியைக் கையில் ஏந்தி நிற்க, கலாக்டஸ் பூமியை விட்டுவிடுவதாக வாக்களித்துப் புறப்படுகிறான். தன்னை எதிர்த்த சர்ஃபரைப் பூமியைவிட்டுப் போகமுடியாதபடி சிறைவைத்துவிட்டே போகிறான்.

தொடரின் தாளம்

இன்று தனிநூலாகத் தொகுத்து வாசிப்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. 48ஆம் இதழ் வேறு கதையின் முடிவோடு தொடங்கியதுபோல, 50ஆம் இதழின் பாதியிலேயே கலாக்டஸ் போய்விடுகிறான். மிச்சப் பக்கங்களில் ஜானி கல்லூரியில் சேர்கிறான், வயட் விங்ஃபுட் என்ற புதிய நண்பனைச் சந்திக்கிறான். ‘முக்கதை’ என்பது பின்னால் வந்த வாசகர்கள் கத்தரித்தெடுத்த வடிவம். அன்றைய வாசகருக்கு இது ஓடும் ஆற்றில் ஒரு வெள்ளம். 45ஆம் இதழில் இன்ஹியூமன்ஸ், 48இல் கலாக்டஸ், 52இல் பிளாக் பாந்தர் என்று எட்டு மாதத்துக்குள் இத்தனை புதுமைகள் இடைவெளியின்றி வந்தன.

வெளியுலகமும் அதே வேகத்தில் விரிந்துகொண்டிருந்தது. 48ஆம் இதழ் கடைக்கு வந்த டிசம்பரில்தான் ஜெமினி 6, ஜெமினி 7 விண்கலங்கள் புவிச்சுற்றுப் பாதையில் நெருங்கிப் பறந்தன. 1966 பிப்ரவரி 3 அன்று சோவியத்தின் லூனா 9 நிலவில் மெதுவாகத் தரையிறங்கியது.

கிளைகள்

1968 ஆகஸ்ட் தேதியிட்டு சர்ஃபருக்குத் தனி இதழ் வந்தது. வரைந்தவர் கிர்பி அல்லர், ஜான் புஸ்ஸெமா. ஸென்-லா கோளைக் காக்க, காதலி ஷல்லா-பாலைப் பிரிந்து கலாக்டஸிடம் தன்னையே ஒப்படைத்த நோரின் ராட் என்று லீ அவனுக்கு ஒரு முன்கதை கொடுத்தார். 49ஆம் இதழோடு இதைச் சேர்த்து வாசித்தால் முரண் பளிச்சென்று தெரியும். அலீசியாவின் வீட்டில் விழுந்தவன் உணவையும் இரக்கத்தையும் முதன்முதலாகக் காண்பவன். காதலித்து, தியாகம் செய்து வந்தவனின் நடத்தை அல்ல அது. ஒரே பாத்திரத்தைப் பற்றி இருவர் கண்ட இரண்டு கனவுகள் அந்த இடத்தில் பிரிகின்றன. தனி இதழ் 18 எண்களோடு நின்றது. அந்தக் கடைசி எண்ணை வரைய மட்டும் கிர்பி அழைக்கப்பட்டார். 1970இல் அவர் டிசிக்குப் போய், மறு ஆண்டு ‘நியூ காட்ஸ்’ முதலான இதழ்களில் தம் தேவர்களைத் தாமே எழுதி வரைந்தார்.

மார்வெலில் அந்த இழையைப் பிடித்துக்கொண்டவர் ஜிம் ஸ்டார்லின். 1973இல் அவர் படைத்த தானோஸ் 1991இன் ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ வழியாக 2018இல் திரைக்கதையின் மையத்துக்கு வந்தான். பழைய கதையைத் தெருவிலிருந்து பார்த்தது 1994இன் ‘மார்வெல்ஸ்’. கர்ட் பியூசிக் எழுத, அலெக்ஸ் ராஸ் வண்ணத்தில் தீட்டிய அந்தத் தொடரின் மூன்றாம் பகுதியில், சாதாரணப் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் தீப்பற்றிய வானத்தின்கீழ் தம் குடும்பத்தைத் தேடி நடக்கிறார்.

2007இன் திரைப்படம் கலாக்டஸை ஒரு மேகமாக்கியது. மனித வடிவில் அவன் வேடிக்கையாகத் தெரிவான் என்ற அச்சம் அதில் தெரிந்தது, இரசிகர்கள் ஏமாந்தார்கள். 2025 ஜூலையில் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ 1960களின் சாயல்கொண்ட ஓர் உலகில் கதையை அமைத்து, கிர்பி வரைந்த கவசமும் கொம்பு வைத்த தலைக்கவசமுமாக அவனை நியூயார்க் தெருக்களில் நடக்கவிட்டது. அறுபது ஆண்டுக்குப் பிறகும் மூல ஓவியத்தின் அளவுகோலுக்கே திரும்ப வேண்டியிருந்தது.

அந்த அளவுகோலின் மறுமுனை 50ஆம் இதழின் இறுதிப் பக்கங்களில் இருக்கிறது. உலகம் பிழைத்துவிட்டது. பென் கிரிம் மட்டும், அலீசியாவின் மனம் அந்த வெள்ளி மனிதனிடம் போய்விட்டதென்று நினைத்து ஒதுங்கிப் போகிறான். 51ஆம் இதழின் முதல் பக்கத்தை விரித்தால் கலாக்டஸும் இல்லை, விண்மீனும் இல்லை. கொட்டும் மழையில், இருண்ட தெருவில், கல்லால் ஆன அந்த மனிதன் தனியே நிற்கிறான்.