றொசல்ல மலைச்சரிவின் தனி விளக்குகள்

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே புகையிரதப் பாதை ஏறிச்செல்லும் றொசல்லப் பகுதி உட்பட, மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் மின்சாரம் முதலில் நுழைந்த இடம் தேயிலைத் தொழிற்சாலையே. அதற்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தவர்களின் லயங்களுக்கு அது வந்துசேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அருவியை மறித்துக் கானில் திருப்பி, இரும்புக் குழாய் வழியாகச் சரிவில் இறக்கி, கிண்ணங்கள் பதித்த பெல்டன் சக்கரத்தின் மீது பாய்ச்சி இயந்திரங்களைச் சுழற்றும் முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே இங்கு பரவி, பின்னர் அந்தச் சக்கரங்களுடன் மின்னாக்கிகளும் இணைக்கப்பட்டன. ஆனால், அவ்வாறு பிறந்த மின்சாரம் பெரும்பாலும் தொழிற்சாலையோடும் துரையின் பங்களாவோடும் நின்றுவிட்டது.

பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் முன்வைத்த நீர்மின் யோசனை நீண்ட இழுபறிக்குப் பின் நிறைவேறி, 1950இல் பழைய லக்சபான நிலையம் 25 மெகாவாட் ஆற்றலுடன் இயங்கத் தொடங்கியது. பின்னர் காசல்றீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களும் ஹட்டனை அடுத்த இதே மலைகளில் எழுந்தன. நாட்டுக்கு ஒளி கொடுத்த நீர் தங்கள் கண்ணெதிரே தேங்கி நிற்க, லயக்காம்பராக்களில் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு எரிந்துகொண்டிருந்ததை வெறும் தொழில்நுட்பத் தாமதம் என்று எழுதிவிட்டுப் போவது நியாயமாகாது. கம்பி எங்கே போகவேண்டும் என்று முடிவெடுத்தவர்களின் கணக்கில் லயம் இருக்கவில்லை. குப்பி லாம்பு சரிந்தால் எண்ணெய் கொட்டித் தீப்பற்றும். அத்தீயில் கருகியோருக்குச் சிகிச்சையளித்த அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, தட்டையான இரு பக்கங்களும் திருகு மூடியும் கொண்ட, எளிதில் உருளாத குட்டையான கண்ணாடி விளக்கை வடிவமைத்து, 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார்.

சூரிய ஒளியை மின்சாரமாக்கும் தகடுகளை இலங்கைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் முயற்சியை, 1986இல் லலித் குணரத்ன, விரேன் பெரேரா, பிரதீப் ஜயவர்தன ஆகியோர் ஒரு சிறு நிறுவனமாகத் தொடங்கினர். 1997இல் ஆரம்பித்த உலக வங்கிக் கடன் திட்டமும், அதன் தொடர்ச்சியாக 2002இல் வந்த திட்டமும், சர்வோதய அமைப்பின் சிறுகடன் பிரிவான ‘சீட்ஸ்’ போன்றவற்றின் ஊடாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இத்தகைய தொகுதிகளை எட்டச்செய்தன. கூரையில் ஒரு தகடு, 12 வோல்ட் ஈய-அமிலப் பற்றரி, அது அளவுமீறி ஏறாமலும் இறங்காமலும் காக்கும் மின்னேற்றக் கட்டுப்படுத்தி, சில விளக்குகள் ஆகியவையே அதன் உறுப்புகள்.

இத்தொகுதி ஒரு மாட்டுக்கொட்டிலிலோ மரக்கறித் தோட்டத்துக் காவல் குடிலிலோ அணைந்துபோனால், குற்றம் பெரும்பாலும் தகட்டின் மீதே சுமத்தப்படுகிறது. உண்மையில் தகடுதான் கடைசியாகக் கெடும் பொருள். பழுது தேடும் முறையோ நீர்ச்சக்கரக் காலத்திலிருந்தே தெரிந்ததுதான். சக்கரம் தளர்ந்தால், நீரெடுக்கும் வாயில் இலைதழை அடைத்திருக்கிறதா என்பதில் தொடங்கி, கான், குழாய், நீர்பாய்ச்சும் மூக்கு என நீர் வரும் வழியே இறங்கிப் பார்ப்பார்கள். மின்சாரத்துக்கும் அவ்வாறே வழிநெடுகச் சென்று பார்க்க வேண்டும். சில மணிநேரம் ஓய்ந்திருந்த பற்றரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அது நிறைந்திருக்கிறது. 12க்குக் கீழ் என்றால் ஏறக்குறைய வற்றிவிட்டது. எவ்வளவு ஏற்றியும் 10.5 அளவிலேயே நின்றால், அதன் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது எனலாம். பற்றரி நலமாக இருந்தும் விளக்கு மங்கினால், விளக்கு எரியும்போதே இரு முனைகளிலும் அளந்து பார்க்க வேண்டும். வீட்டுப் பற்றரியிலிருந்து 20 மீற்றர் தள்ளியுள்ள கொட்டிலுக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி இழுத்து 3 அம்பியர் அனுப்பினால், போய்வரும் வழியிலேயே ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் தொலைந்துபோகும். வெளிறிய பச்சைப் பூப்பு படிந்த ஓர் இணைப்பும் இதே கேட்டைச் செய்யும்.

றொசல்லவுக்கே உரிய இடர் வானத்திலிருந்து வருகிறது. பக்கத்து வட்டவளை இலங்கையின் மிக அதிக மழைபெறும் இடங்களுள் ஒன்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் பனிமூட்டமும் வெயிலை மறைக்கின்றன. வரண்ட வலய வெயிலைக் கணக்கிட்டு அமைத்த தொகுதி இங்கே பல நாள்கள் அரைகுறையாகவே ஏறி, பற்றரியின் ஈயத் தகடுகளில் சல்பேற்று உறைந்து, ஆயுள் குன்றுகிறது. சிற்றருவிச் சக்கரம் பெப்ரவரி, மார்ச் வரட்சியில் தளரும். சூரியத் தகடு அதே மாதங்களில் நன்றாக வேலை செய்து, அருவி பெருகும் யூலையில் சோர்கிறது. ஆகவே, கொட்டிலுக்கான தகட்டின் அளவை யூலை மாதத்து வெளிச்சத்தை வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.

தேசிய மின்கம்பி லயங்களை நெருங்கியதும் கூரைகளில் இருந்த தகடுகள் பல இடங்களில் கைவிடப்பட்டன. 2016இல் அரசு அறிவித்த ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தின் கூரைத்தகடுகள் வேறு இனத்தவை. பற்றரி இன்றித் தேசிய மின்வலையோடு பிணைந்த அவை, திருத்தும் பணியாளர் கம்பியில் மின்தாக்குண்ணாதிருக்க, மின்தடை நேர்ந்த கணமே தாமும் நின்றுவிடும். மழைக்கால இரவில் மரம் விழுந்து கம்பி அறுந்தால், கன்று ஈனும் மாட்டின் அருகே இன்னும் வெளிச்சம் தரக்கூடியது, தனிப் பற்றரியுடன் நிற்கும் அந்தச் சிறிய பழைய தொகுதிதான்.