மணி கேட்ட ஊர்

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும், இடி மின்னலிடையே பட்டம் விட்ட விஞ்ஞானியும், 1776இல் அமெரிக்க விடுதலைச் சாசனத்தில் கையொப்பமிட்ட அரசியலறிஞருமே உங்கள் நினைவுக்கு வருவர். இன்று நான் கூற எண்ணுவது, அவர் ஒரு சிற்றூரின் வேண்டுகோளை மறுத்த செய்தி.

மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள அவ்வூர் 1778இல் தனியூராகப் பிரிந்தபொழுது அவர் பெயரையே சூடிக்கொண்டது. பெயர் சூட்டியவர்களுக்கு ஓர் ஆசையும் இருந்தது. தேவாலயத்துக்கு மணிக்கூண்டு கட்ட விரும்பிய அவர்கள், மணியைப் பிராங்க்ளின் வழங்குவார் என எதிர்பார்த்தனர். 1785இல் பிரான்சு நாட்டில் தூதராக இருந்த அவரோ, 'மணிக்கூண்டுச் செலவு இப்போது வேண்டா. மணிக்கு ஈடாக நூல்களை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று அறிவுறுத்தினார். ஓசையினும் பொருளே சிறந்தது என்பது அவர் கொள்கை.

அங்ஙனம் அவர் கருதியதில் வியப்பில்லை. பாஸ்டனில் மெழுகுவத்தி செய்து விற்றவரின் மகன் அவர். பள்ளி சென்றது இரண்டாண்டுக்கும் குறைவு. அச்சகத்தில் தொழில் பழகிய நாளில், புத்தகக் கடைப் பையன்களிடம் மாலையில் நூலை இரவல் வாங்கி, இரவெல்லாம் படித்து, விடியலில் திருப்பிக் கொடுத்தவர். 1731இல் பிலடெல்பியாவில் சந்தா நூலகம் அமைத்தவரும் அவரே.

இலண்டனிலிருந்த நண்பர் ரிச்சர்டு பிரைஸ், ஏறத்தாழ 25 பவுன் விலையில் நூல்களைத் தேர்ந்தார். 116 நூல்கள் ஊர் வந்து சேர்ந்தன. வந்ததும் வழக்கும் வந்தது: அவற்றை எடுத்துப் படிக்கும் உரிமை யாருக்கு? 1790 நவம்பரில்தான், ஊரார் அனைவருக்கும் இரவல் தரலாம் என ஊர்க்கூட்டம் தீர்மானித்தது. பிராங்க்ளின் அவ்வாண்டு ஏப்ரலிலேயே மறைந்துவிட்டார்.

1796இல் அவ்வூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் ஹொரேஸ் மான். ஆண்டுக்குப் பத்து வாரம்கூடப் பள்ளி கிட்டாத அச்சிறுவனுக்கு இந்நூல்களே துணையாயின. ஆயினும் பிற்காலத்தில் அவர் அவற்றை வாயாரப் புகழவில்லை! பழைய வரலாறுகளும் சமய சாத்திரங்களுமாகிய அவை பெரியவர்க்கு ஏற்றவை, பிள்ளைகளுக்குச் சற்றும் பொருந்தாதவை என்றே எழுதினார். அந்நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். நல்ல நூல் என்று நாம் நினைப்பதைப் பிள்ளைகள் கையில் திணித்த தவற்றை நானும் பலமுறை செய்திருக்கிறேன்.

மான் குறை கூறியதோடு நின்றாரல்லர். 1837இல் மாநிலக் கல்விக் கழகத்தின் முதற் செயலாளரானார். தமது மூன்றாம் ஆண்டறிக்கையின் பெரும்பகுதியை நூலகங்களுக்கே ஒதுக்கி, பள்ளி வட்டாரந்தோறும் சிறுவர்க்கேற்ற நூல்கள் வேண்டுமென வாதாடினார். 1839 ஜூலையில் லெக்சிங்டனில் அவர் முயற்சியால் அரசின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு இச்செய்தியில் தனிச்சுவை உண்டு. முதல்நாள் வந்த மாணவியர் மூவரே.

பிராங்க்ளின் அனுப்பிய அந்தப் பழைய நூல்களை அவ்வூர்ப் பொது நூலகத்தார் இன்றும் பேழையில் வைத்துக் காத்து வருகின்றனர்.