கால் பங்கும் அரைப் பங்கும்: வளைகுடா இந்தியப் பள்ளிகளில் ‘கற்கக் கற்றல்’ வந்த வழி

பதினைந்து வயது மாணவர்களின் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பீசா தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் துபாய் கலந்துகொண்டது. அமீரகத்தின் மற்றப் பகுதிகள் மறு ஆண்டு விரிவுச் சுற்றில் எழுதின. அதே விரிவுச் சுற்றில்தான் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் எழுதின. இரண்டும் 74 இடங்கள் கொண்ட பட்டியலின் அடிப்பகுதியில் நின்றன. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி இந்தியா அடுத்த சுற்றுகளிலிருந்து விலகிக்கொண்டது. தரவரிசையைப் பற்றி எழுந்த சத்தத்தில் 2009 சுற்று அறிக்கையின் மூன்றாம் தொகுதியை இங்கே பெரிதாக யாரும் எடுத்துப் பேசவில்லை. அந்தத் தொகுதியின் தலைப்பே ‘கற்கக் கற்றல்’ என்பதுதான். நீ எப்படிப் படிக்கிறாய், மனப்பாடம் செய்கிறாயா, தெரிந்ததோடு பொருத்திப் பார்க்கிறாயா, எது புரியவில்லை என்று உன்னை நீயே சோதித்துக்கொள்கிறாயா என்று மாணவர்களிடமே கேட்டிருந்தார்கள். தன்னைச் சோதித்துக்கொள்பவர்களும், ஒரு பகுதியை நன்றாகச் சுருக்குவது எப்படி என்று அறிந்தவர்களும் வாசிப்பில் முன்னால் இருந்தார்கள். மனப்பாடம் மட்டும் அந்த முன்னிலையைத் தரவில்லை.

‘கற்கக் கற்றல்’ என்ற கருத்துக்கு அப்போதே ஏறக்குறைய நாற்பது ஆண்டு வயது. 1972இல் யுனெஸ்கோவுக்காக எட்கர் ஃபோர் குழு தந்த அறிக்கையில் அது இருக்கிறது. அதே பத்தாண்டில் ஜான் ஃபிளேவல் என்ற உளவியலாளர், தன் அறிதலைத் தானே கண்காணிக்கும் திறனுக்கு ‘மீயறிதல்’ என்ற பொருள்படப் பெயரிட்டார். 1996இல் ழாக் தெலோர் அறிக்கை அதைக் கல்வியின் தூண்களுக்குள் சேர்த்தது. வளைகுடாவுக்கு அது வந்து சேர்ந்த வழி வேறு. அந்த வழியில் மனப்பாடத்துக்கும் ஓர் இடம் உண்டு. அதை இழிவாகப் பார்த்தால் வரலாறு பிடிபடாது.

எண்ணெய்க்கு முந்தைய வளைகுடாவில் கல்வி என்பது குத்தாப். முதவ்வா என்று அழைக்கப்பட்ட ஆசிரியர் குர்ஆனை வாய்வழியாக ஓதிக் கொடுப்பார். பிள்ளைகள் நெஞ்சில் பதிப்பார்கள். முறையான பள்ளிகள் பிறகு வந்தன: குவைத்தில் முபாரக்கியா 1911இல், துபாயில் முத்து வணிகர் ஒருவர் தொடங்கிய அல் அஹ்மதியா 1912இல். ஓமானிலோ 1970 வரைக்கும் மூன்றே பள்ளிகள். நம் திண்ணைப் பள்ளியும் ஏறக்குறைய குத்தாப் போன்றதே: மணலில் எழுத்து, எண்சுவடி, சட்டாம்பிள்ளை. திண்ணையில் நினைவு என்பது வெறும் ஒப்பித்தல் அல்ல, கணக்கிடும் திறனை வளர்த்த ஒரு கற்றல் முறை என்று வரலாற்றாய்வாளர் து. செந்தில்பாபு விரிவாகக் காட்டியிருக்கிறார். 1789 முதல் எழும்பூர் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரு பெல், மணலில் எழுதும் பழக்கத்தை உள்ளூர்ப் பள்ளியில் பார்த்து எடுத்துக்கொண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் அதோடு சேர்த்தார். அதை இங்கிலாந்து ‘மெட்ராஸ் முறை’ என்றே அழைத்தது.

கற்கக் கற்றலுக்கு இதைவிடக் கூர்மையான சான்று நன்னூலில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல் அது. அதன் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறைக்கென்றே ஒரு பகுதி உண்டு. பாடத்தைத் திரும்பப் பார்ப்பது, கேட்டதைத் தனியே எண்ணிப் பார்ப்பது, ஐயத்தோடு ஆசிரியரிடம் மீண்டும் போவது, தேர்ந்த தோழர்களோடு பயில்வது, கேள்வி கேட்டு விடையும் சொல்வது எல்லாம் அங்கே வருகின்றன. என்னை வியக்கவைப்பது அதற்குப் பின் வரும் பங்கீடு. ஆசிரியர் சொன்னதை முழுதாக உள்வாங்கினாலும் கிடைப்பது கால் பங்குதான் என்கிறார் பவணந்தி. உடன் பயில்பவரோடு பழகினால் இன்னொரு கால். மிச்சம் அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். மாணவன் தன் அறிவின் அளவைத் தானே கணிக்க ஓர் அளவுகோலை, தமிழ் கற்கப் போகிறவனுக்கு முகப்பிலேயே வைத்துவிட்டார்.

வளைகுடாவின் இந்தியப் பள்ளிகள் இதை மறந்ததற்கு ஆசிரியர்களைக் குறை சொல்வது சரியல்ல. பஹ்ரைன் இந்தியப் பள்ளி 1950இல், துபாய் இந்தியன் ஹைஸ்கூல் 1961இல், மஸ்கட் இந்தியப் பள்ளி 1975இல் தோன்றின. அப்பாவின் விசா முடிந்தால் குடும்பமே ஊர் திரும்ப வேண்டும். பிள்ளை பாதி ஆண்டில் திருச்சியிலோ கோழிக்கோட்டிலோ சேர்ந்தாலும் அதே பாடம் தொடர வேண்டும். ஆகவே சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் ஒரு கல்வித் தேர்வாக மட்டும் இருக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டும் அதுவே. பொதுத்தேர்வு மதிப்பெண்தான் அந்த டிக்கெட்டின் விலை. அந்த நெருக்கடியில் எப்படிக் கற்பது என்ற கேள்விக்கு இடமில்லை.

அந்த இடத்தைத் திறக்க உண்மையான முயற்சி ஒன்று நடந்தது. 2009இல் சி.பி.எஸ்.இ. தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கட்டாயமில்லை என்றானது. 2010இல் வெளிநாட்டுப் பள்ளிகளை மனத்தில் வைத்து, தேடிப் படிப்பதற்கு முன்னிடம் தரும் பன்னாட்டுப் பாடத்திட்டத்தையும் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் 2012-13இல் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீடு வந்தது. வளரறி மதிப்பீட்டின் நோக்கம் அருமையானது: தவறை மதிப்பெண்ணாக எண்ணாமல், அடுத்த அடிக்கு வழிகாட்டியாக எடுத்துக்கொள்வது. ஆனால் அந்த மதிப்பீட்டுக்கும் மதிப்பெண் போட்டு ரிப்போர்ட் கார்டில் ஏற்றினோம். உடனே அது சின்னத் தேர்வாகிவிட்டது. சார்ட் பேப்பரை அம்மா வெட்ட, அப்பா அலுவலகத்தில் படங்களைப் பிரிண்ட் எடுத்து வர, பிள்ளை தூங்கிப்போனது. பன்னாட்டுப் பாடத்திட்டம் 2017இல் நிறுத்தப்பட்டது. 2018 மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எல்லோருக்கும் திரும்பியது. எட்டு ஆண்டுகள் ஒரு பழக்கம் வேர்விடப் போதாது என்றே நான் எண்ணுகிறேன்.

இதே காலத்தில் துபாய் அரசு மறுபக்கமிருந்து வந்தது. 2006இல் அமைந்த அறிவு மற்றும் மனிதவள ஆணையம் 2008 முதல் தனியார் பள்ளிகளை ஆய்வு செய்தது. அமீரகம் முழுமைக்குமான 2015-16 ஆய்வுச் சட்டகத்தில், மாணவர் அடைவு என்ற தலைப்பின் கீழ், மதிப்பெண் நிலை, முன்னேற்றம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ‘கற்றல் திறன்கள்’ மூன்றாவதாக இடம்பிடித்தது. தன் கற்றலுக்குத் தானே பொறுப்பேற்பது, கூடிக் கற்பது, கற்றதை வாழ்வோடு இணைப்பது, ஆராய்வது ஆகியவற்றை ஆறு நிலைகளில் அளக்கிறார்கள். துபாயில் பள்ளிக் கட்டண உயர்வும் ஆய்வு முடிவோடு பிணைக்கப்பட்டது. இது பெரிய மாற்றம். குழந்தையின் படிக்கும் முறை முதல் தடவையாகப் பள்ளி நிர்வாகத்தின் கவலையானது. என் ஆட்சேபம் ஒன்றுதான். ஆய்வாளர் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நிமிடங்களில் தெரிவது கால் பங்கு, மிஞ்சிப்போனால் இரண்டு கால். மீதி நடப்பது பள்ளிக்கு வெளியே, டியூஷன் என்ற பெரும் உலகத்தில்.

2020 மார்ச் 22இல் அமீரகப் பள்ளிகள் தொலைநிலைக் கல்விக்கு மாறியபோது அந்த வெளியுலகம் வீட்டுக்குள்ளேயே வந்தது. மணி அடிக்காத நாளில் எப்போது தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டின் இந்தியத் தேசியக் கல்விக் கொள்கையும் எப்படிக் கற்பது என்பதைக் கற்பதே முக்கியம் என்று எழுதியது. மறு ஆண்டு, மருத்துவ நுழைவுத்தேர்வான நீட் குவைத்துக்கும் துபாய்க்கும் வந்து சேர்ந்தது. பயிற்சி மையங்களுக்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

2023 டிசம்பரில் அமீரகம் தனிப்பயிற்சியைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, ஈராண்டு உரிமம் வழங்கத் தொடங்கியது. ஆசிரியர்களுக்கும் வேலையிலிருப்பவர்களுக்கும் மட்டும் அல்ல, 15 முதல் 18 வயதுவரையுள்ள பள்ளி மாணவர்களுக்கும் அந்த உரிமம் உண்டு. ஷார்ஜாவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண், மேல்மாடியில் இருக்கும் ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க அரசே அனுமதி தருகிறது. அவள் சொல்லித்தரும் அந்த ஒரு மணி நேரத்தில் அவளுடைய சொந்தக் கணக்கு எவ்வளவு தெளிகிறது என்பதை எந்த ஆய்வுச் சட்டகமும் இன்னும் கேட்கவில்லை.